செப்பேட்டின் கடைசி வரி

ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் வழங்கிய செப்பேடுகளை அவ்வூர் வரலாற்றாய்வாளர் எஸ்.எம். கமால் தேடித் தொகுத்துப் பதிப்பித்திருக்கிறார். நாலைந்தைச் சேர்ந்தாற்போல் வாசித்தால் அவற்றின் அமைப்பு பிடிபட்டுவிடும். மன்னரின் விருதுப் பெயர்கள் முதலில் மூச்சுவிடாமல் வரும். தருமம் எதற்கு என்பது அடுத்து: கோயில் பூசைக்கு, மடத்துக்கு, சேது யாத்திரை போகிறவர்களுக்குச் சோறு போடும் சத்திரத்துக்கு, சில சாசனங்களில் பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும். அதன்பின் கொடுக்கப்பட்ட ஊரின் நான்கெல்லை. இந்தக் கண்மாய்க்கு மேற்கு, அந்த ஊருணிக்குத் தெற்கு என்று, கையில் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் நடந்துபோய்ச் சரிபார்த்துவிடலாம் போன்ற துல்லியம் அதில் இருக்கும். முடிவில் சாபம் வரும். இந்தத் தருமத்தைக் கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷத்தில் போவான் என்பது போன்ற வாசகம். எல்லைக்கு அத்தனை வரிகள் செலவிட்ட சாசனம், கணக்கை யார் எழுதுவது, யார் பார்ப்பது, சத்திரத்தில் சோறு குறைந்தால் பசியோடு வந்தவர் யாரிடம் போய்ச் சொல்வது என்பதற்குப் பெரும்பாலும் ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. அந்த வேலை முழுவதையும் காராம்பசுவின் பாவத்திடம் ஒப்படைத்துவிடுகிறது.

இன்றைய அறக்கட்டளைகள் சாபத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பட்டயக் கணக்காளரின் தணிக்கை அறிக்கையை வைத்திருக்கின்றன. முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை. அறிக்கை வருமானவரித் துறைக்குப் போகிறது. வெளிநாட்டுப் பணம் என்றால் உள்துறை அமைச்சகத்துக்கும் போகிறது. யாருடைய பெயரைச் சொல்லிப் பணம் திரட்டப்பட்டதோ அவர்கள் முன்னால் வாசிக்கப்படும் கட்டாயம் மட்டும் அதற்கு இல்லை. பள்ளிக்கூடம், பத்திரிகை, தேர்தல் சீர்திருத்தம் ஆகிய மூன்றிலும் கொடைப் பணம் செய்திருக்கும் வேலையை ராமநாதபுரம் என்ற இந்தக் கடற்கரை மாவட்டத்தின் சான்றுகளைக் கொண்டு பார்ப்பது இந்த உரையின் நோக்கம். கொடை பெரும்பாலும் எதையும் தடைசெய்வதில்லை. எந்தக் கேள்விக்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை என்பதைத் தீர்மானிக்கிறது. பணம் கிடைத்த கேள்வி வளர்கிறது, கிடைக்காதது தானாகவே வாடுகிறது. ஆகவே கொடுப்பவர் நல்லவரா கெட்டவரா என்ற விசாரணை அதிக தூரம் போகாது. கணக்கு யார் முன்னால் வாசிக்கப்படுகிறது என்று கேட்டால் விஷயம் துலங்கும். இந்த மேடையும் ஒருவர் வைப்பில் போட்ட தொகையின் வட்டியில் நிற்பதுதான். அறக்கட்டளைச் சொற்பொழிவில் அறக்கட்டளையை விசாரிப்பது உண்ட வீட்டுக்கு இரண்டகம் ஆகாது என்று நம்புகிறேன்.

1897-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஜனவரி 26-ஆம் தேதி விவேகானந்தர் கொழும்பு வழியாக வந்து பாம்பனில் இறங்கினார். அவரது சிகாகோ பயணத்துக்கு ஊக்கமும் உதவியும் தந்தவர்களில் முக்கியமானவர் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. மன்னரே நேரில் வந்து வரவேற்றார், நினைவுத் தூணும் எழுப்பினார். மறுநாள் ராமேசுவரம் கோயிலில் விவேகானந்தர் பேசியது, ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே வழிபாடு என்ற கருத்தை. அது நடந்து நான்கு மாதம் முடிவதற்குள், மே 14 அன்று, அதே சமஸ்தானத்துக்குட்பட்ட கமுதியில் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அந்தக் கோயிலின் பரம்பரை அறங்காவலர் பாஸ்கர சேதுபதி. அவரை வாதியாகக் கொண்டு வழக்குத் தொடுக்கப்பட்டது; 1899-இல் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. இதில் கவனிக்க வேண்டியது மேல்முறையீட்டுக் கட்டத்தில் நடந்தது. மன்னர் சமரசத்துக்கு இறங்கி வந்தார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வழக்கத்தில் விலக்கப்பட்டவர்களை உள்ளே விட அறங்காவலர் ஒப்புக்கொள்வது அறக்கட்டளைக்கு இழைக்கும் துரோகம் என்றது சட்டம். வேறு சிலர் வழக்கைக் கையிலெடுத்தார்கள். 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அந்தத் தீர்ப்பையே உறுதிசெய்தது. அப்போது பாஸ்கர சேதுபதி இறந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மனிதர் சிகாகோவுக்கு வழியனுப்பியதையும் கமுதியில் கதவடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரைப் போலி என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இரண்டு செயல்களுக்கும் நடுவில் நிற்பது மனிதரின் குணம் அல்ல, அமைப்பின் விதி. கொடையாளர் மனம் மாறினால்கூட மாற முடியாதபடி கொடை இறுகிப்போயிருந்தது. கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்கு அந்த அறக்கட்டளையில் குரல் எதுவும் கிடையாது; வழக்கில் பிரதிவாதி என்ற இடம் மட்டுமே கிடைத்தது.

சேதுபதியின் உறவினர் பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டிலிருந்து ‘செந்தமிழ்’ இதழ் வந்தது. தமிழ்க் கல்வியும் இதழியலும் கொடைப் பணத்தால் உருப்பெற்றதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. அவரது தந்தை பொன்னுசாமித் தேவர் ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்குப் பொருள் தந்தவர். மகன் உ.வே. சாமிநாதையரின் பதிப்புப் பணிக்கு உதவினார். சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910-இல் வெளிவந்ததும் அவரது ஆதரவால்தான். இந்தக் குடும்பம் இல்லாதிருந்தால் இன்று நாம் பழந்தமிழ் என்று கையில் எடுப்பவற்றில் சில அச்சேற இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ. ஆனால் எது தமிழ் என்ற கேள்விக்கும் அந்தப் பணமே ஒரு விடை எழுதியது. ஏடுகளில் இருந்த செய்யுள் அச்சுக்கு வந்தது. பரதவரின் கடல்தொழில் பாட்டான அம்பாவும் மரைக்காயர் வீட்டு அரபுத்தமிழும் அந்த அவையில் ஆராய்ச்சிப் பொருளாக வளரவில்லை. யாரும் விலக்கவில்லை, அவற்றைக் கேட்டு வந்தவர் யாரும் அந்த அவையில் இல்லை, அவ்வளவே. இடையில் ஒரு சின்னச் செய்தி. 1904-இல் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தவர் சுப்பிரமணிய பாரதி. சம்பளம் பதினேழரை ரூபாய். அங்கிருந்து சென்னைக்குப் போய் ‘சுதேசமித்திர’னில் சேர்ந்தார். மன்னர் பெயர் தாங்கிய பள்ளியிலிருந்து வாசகர் காசு கொடுத்து வாங்கும் பத்திரிகைக்கு. தமிழ் இதழியலின் வரலாற்றை அந்த ரயில் பயணத்திலிருந்து தொடங்கினாலும் தவறில்லை.

கொடையாளரின் நோக்கம்தான் விளைவைத் தீர்மானிக்கும் என்று முடிவுகட்டவும் கூடாது. அதற்கு ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி சாட்சி. 1780-களில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று இடங்களில் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகள் தோன்றின. ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் முயற்சி, தஞ்சை ரெசிடெண்டு ஜான் சல்லிவனின் திட்டம், உள்ளூர் அரசர்களின் ஆதரவு மூன்றும் சேர்ந்து உருவானவை அவை. 1787-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 வராகன் தர ஒப்புக்கொண்டார்கள். பாதிரியாருக்கு ஒரு நோக்கம், ரெசிடெண்டுக்கு வேறொன்று, கம்பெனிக்கு மூன்றாவது. மொழிபெயர்ப்பாளர் இடையில் நின்று குழப்பாமல் உள்ளூர்ப் பிரமுகர்களோடு நேரடியாகப் பேச ஆங்கிலம் தெரிந்தவர்கள் வேண்டும் என்பது ஆட்சியின் கணக்கு. ஒன்றரை நூற்றாண்டு கழித்து அந்தப் பள்ளியில் ராமேசுவரத்துப் படகுக்காரர் மகன் அப்துல் கலாம் படித்தார். 250 வராகனைக் கையெழுத்திட்டு அனுமதித்தவர்கள் கனவிலும் காணாத விளைவு இது. ஆனால் இந்தக் கதையை மேடைகளில் சொல்கிறவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது கட்டுவதற்கு ஆயிரம் ரூபாய் இல்லை. அக்கா ஜொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்று கலாம் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பள்ளிவரை அறக்கட்டளை வந்தது, அதற்கு மேலே அக்காவின் கை வந்தது. அந்த இரண்டாவது கொடைக்கு எந்தக் கட்டடத்திலும் கல்வெட்டு கிடையாது.

கமுதியில் தோற்றவர்கள் கொடையை வேறு விதமாகச் செய்துகாட்டினார்கள் என்பது இந்த மாவட்டத்தின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்தி. 1910-இல் உருவான பழைய ராமநாதபுரம் மாவட்டம் 1985 வரை விருதுநகரையும் சிவகாசியையும் அருப்புக்கோட்டையையும் தன்னுள் வைத்திருந்தது. அந்த ஊர்களின் நாடார் பேட்டைகளில் மகமை என்ற வழக்கம் இருந்தது. வியாபாரத்துக்கு வரும் சரக்கில், மூட்டைக்கு இவ்வளவு என்று உறவின்முறை எனப்படும் சாதிச் சங்கத்துக்குக் கட்ட வேண்டும். அது தானமல்ல, தம்மேல் தாமே போட்டுக்கொண்ட வரி. கொடுக்காதவரை ஊர் கேட்கும். வாங்கியவரையும் ஊர் கேட்கும். பெரிய வியாபாரி கட்டியதும் சில்லறைக் கடைக்காரர் கட்டியதும் ஒரே கணக்கில் ஏறின. இதோடு பிடி அரிசி. உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். வாரத்துக்கொரு முறை பானைகளிலிருந்து திரட்டி விற்றுப் பள்ளிக்கூடத்துக்குச் சேர்த்தார்கள். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்தது. காமராசர் படித்தது அங்கேதான். ஒரு பிடி அரிசியை எடுத்தவள் பள்ளிக்கூட வாசலில் நின்று ‘வாத்தியார் ஏன் இன்னிக்கு வரலை’ என்று கேட்கும் உரிமையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள். சேதுபதி சத்திரத்தில் சாப்பிட்டவருக்கு அது இல்லை. மகமையைப் புனிதப்படுத்த வேண்டியதும் இல்லை. அது ஒரு சாதியின் எல்லைக்குள் நின்ற ஏற்பாடு, கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள், அரிசி எடுத்த பெண்ணுக்கு அங்கே நாற்காலி கிடையாது. இருந்தாலும் பயன்பெறுபவரும் பணம் கட்டுபவரும் ஒரே ஆளாக இருக்கும்போது கேள்வி எப்படி மாறுகிறது என்பதை அது காட்டிவிட்டது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1984-இல் தமிழக அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. கடல் வணிகத்தில் சேர்ந்த கீழக்கரைப் பணம் அந்தக் கதவு வழியே உடனே உள்ளே போனது. முகம்மது சதக் அறக்கட்டளையின் பொறியியல் கல்லூரி அதே ஆண்டில் வந்தது. பி.எஸ். அப்துர் ரகுமானின் சீதக்காதி அறக்கட்டளை 1988-இல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் பெயரில் பெண்கள் கல்லூரியைத் தொடங்கியது. மகளை வெளியூர் விடுதிக்கு அனுப்ப மனமில்லாத வீடுகள் நிறைந்த ஊரில் ஒரு பெண்கள் கல்லூரி என்ன செய்திருக்கும் என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. இங்கே கொடை, அரசு கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டது. பொதுவாகப் பார்த்தால் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. சட்டப்படி கல்லூரி நடத்துவதற்கு இலாப நோக்கமற்ற அமைப்பு வேண்டும் என்பதால் தமிழ்நாட்டில் கட்டணம் வாங்கித் தொழிலாக நடத்தப்படும் கல்லூரிக்கும் பெயர் அறக்கட்டளைதான். அடகு வைத்த நகையோடு வரும் தகப்பனும் அறக்கட்டளையின் ரசீதைத்தான் வாங்குகிறார். ஒரு நல்ல சொல் இத்தனை வேலைக்குப் போனால் தேயாமல் என்ன செய்யும்?

2018-இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று நாடெங்கும் நூற்றுப் பத்துக்கு மேற்பட்ட மாவட்டங்களை அறிவித்தது. தமிழ்நாட்டில் இரண்டு, ராமநாதபுரமும் விருதுநகரும். 49 குறியீடுகள், கல்விக்கு 30 விழுக்காடு, நலவாழ்வுக்கு 30. மாவட்டங்கள் தரும் எண்களைச் சரிபார்க்கும் வீட்டுக் கணக்கெடுப்பில் டாடா அறக்கட்டளைகளும், கேட்ஸ் அறக்கட்டளையின் ஆதரவு பெற்ற ஐடி-இன்சைட் என்ற நிறுவனமும் அறிவுப் பங்காளிகளாக இருந்தன. அளவுகோலைப் பிடித்திருப்பவர் ஆட்சியில் பங்கு பெறுகிறார் என்பதை நாம் அவ்வளவாக உணர்வதில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறதா என்று அளக்க ஓர் எண் உண்டு. மீன்பிடிக்கப் போன அப்பா பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்த மாதங்களில் தங்கச்சிமடத்துப் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்கு வந்தது என்பதற்கு எண் கிடையாது. எண் இல்லாததற்கு ஆட்சியர் அலுவலகத்து ஆய்வுக் கூட்டத்தில் இடமில்லை, இடமில்லாததற்குத் திட்டமும் இல்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் 2 விழுக்காடு சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதெது சமூகப் பணி என்று ஏழாம் அட்டவணை வரிசைப்படுத்துகிறது. கல்வி அதில் உண்டு, ஆகவே திறன்பலகையும் கழிப்பறையும் வருகின்றன, வரட்டும். பத்திரிகை என்ற சொல் அந்த வரிசையில் இல்லை. கேள்வி கேட்பதைச் சமூகப் பணி என்று சொல்லக் கம்பெனிகளும் விரும்பவில்லை, அரசும் விரும்பவில்லை.

பத்திரிகை என்றவுடன் பாம்பனுக்குப் போக வேண்டும். அங்கே 2016 ஆகஸ்டு 15 முதல் ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி 90.4 பண்பலையில் ஒலிக்கிறது. நேசக்கரங்கள் என்ற அறக்கட்டளை நடத்துவது, மீனவர்களுக்காகவே தொடங்கப்பட்டது. காற்று, அலை உயரம், கடல் பாதுகாப்பு, பருவநிலை, மீனவப் பெண்களின் பாட்டு என்று ஊர்ப்பேச்சில் பேசும் நிலையம். கொடைப் பணம் ஊடகத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. என்ன செய்ய முடியாது என்பதற்கும் அதே நிலையத்தைக் காட்டலாம். வானலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே சமுதாய வானொலி உரிமம் கிடைத்தது. 2006-ஆம் ஆண்டு நெறிமுறைகள் தொண்டு நிறுவனங்களுக்கும் வழிவிட்டன. 100 வாட், 30 மீட்டர் கம்பம், மணிக்கு இத்தனை நிமிட விளம்பரம் என்று கணக்கு வைத்தன. செய்தி மட்டும் கூடாது என்றன. வானிலை சொல்லலாம், தேர்வு முடிவு சொல்லலாம், குடிநீர் வராத நாளைச் சொல்லலாம். பின்னாளில் ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்ப இடம் கிடைத்தது. நெடுந்தீவுப் பக்கம் இரவில் படகுகள் பிடிபட்டால், கரையில் விழித்திருக்கும் குடும்பங்களிடம் போய்ச் செய்தி சேகரித்துத் தன் குரலில் வாசிக்க, அதே கடற்கரையில் இருக்கும் அந்த நிலையத்துக்கு உரிமை இல்லை. டெல்லியில் எழுதியது வந்தால் வாசிக்கலாம்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும், நியாயமான ஆட்சேபம்தான். விளம்பரத்தில் ஓடும் நாளிதழைவிட அறக்கட்டளைப் பணத்தில் ஓடும் இதழ் மேல் அல்லவா? இந்த மாவட்டத்துப் பாரதி நகர்ப் பெண்கள் மூச்சடக்கி முங்கிக் கடற்பாசி எடுப்பதை மு. பழனிக்குமார் கடலுக்குள்ளிருந்தே படமெடுத்து, 2014-இல் பி. சாய்நாத் தொடங்கிய ‘பாரி’ ஊரக ஆவணக்காப்பகத்தில் வெளியிட்டார். எந்த விளம்பரதாரர் அதற்குப் பணம் தருவார்? ஒப்புக்கொள்கிறேன். 2015-இல் அசீம் பிரேம்ஜி முதலானோர் பணத்தில் அமைந்த சுதந்திரமான பொதுநல ஊடக அறக்கட்டளை பல இணைய இதழ்களைத் தாங்கியதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அறக்கட்டளையின் பெங்களூர் அலுவலகத்துக்கு 2022 செப்டம்பரில் வருமானவரித் துறை போனபோது தெரிந்தது என்ன? பல இதழ்களின் மூச்சுக்குழாய் ஒரே அறையில் இருந்தது. கொடையாளர் தலையிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. தலையிடத் தேவையே இல்லை. ஒரு சிலர் கையிலிருந்து வரும் பணம் ஒரு சிலர் கையால் நிறுத்தப்படலாம். பத்தாயிரம் வாசகர் மாதம் நூறு ரூபாய் கட்டும் இதழை நிறுத்தப் பத்தாயிரம் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தும் நாம், தமிழ் வாசகர்கள், செய்தியை இலவசமாகவே எதிர்பார்க்கிறோம். யூடியூபில் ஒருவர் நமக்கு உண்மை சொல்ல வேண்டும், செலவை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜனநாயகச் சீர்திருத்தத்தில் கொடைப் பணம் சாதித்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் 1999-இல் தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், நன்கொடைகளில் இயங்குவது. வேட்பாளர் தம் குற்ற வழக்கு, சொத்து, படிப்பு மூன்றையும் வெளியிட வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியது. கட்சிகள் ஒன்றுகூடிச் சட்டத்தால் அதை நீர்க்கச் செய்தபோது 2003-இல் மறுபடியும் தீர்ப்பு வந்தது. தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரி 15-இல் நீதிமன்றம் ரத்து செய்த வழக்கிலும் அந்தச் சங்கம் மனுதாரர். அந்த ஆண்டே ராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார். அதே பெயருடைய வேறு சிலரும் அதே தொகுதியில் மனுத் தாக்கல் செய்தார்கள். எந்தப் பன்னீர்செல்வம் யார் என்று வாக்காளர் அறிய உறுதிமொழிப் பத்திரம் இருந்தது, வாக்குப்பதிவு இயந்திரத்தில் படமும் இருந்தது. தகவல் உரிமைக்கு இதைவிட நேரடியான பயன் காட்ட முடியாது. ஆயினும் கொடையாளர்கள் விரும்பும் சீர்திருத்தம் எப்போதும் காகிதத்தில் முடியக்கூடியதாக இருக்கிறது: வெளியிடு, பட்டியலிடு, மதிப்பெண் போடு. வாக்காளருக்குத் தெரிந்த பிறகு அவர் என்ன செய்ய முடியும், உள்ளாட்சிக்கு எவ்வளவு நிதி, மீனவர் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் எப்படி நடக்கிறது போன்ற கேள்விகளில் ஆள் திரட்ட வேண்டும், ஊர்ப்பகை வரும், மூன்றாண்டு மானியத்துக்குள் முடியாது. ஆண்டறிக்கையில் படம் போட்டுக் காட்டவும் அவை ஒத்துவராது.

அப்படியானால் அரசு இந்த அறக்கட்டளைகளைக் கட்டுப்படுத்துவது சரிதானே என்று சிலர் கேட்கலாம். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் அந்த வாதத்தை முன்வைத்தே இறுகி வந்திருக்கிறது. 2020 திருத்தத்தின்படி பெற்ற பணத்தை இன்னொரு சிறிய அமைப்புக்கு மாற்றித் தரக்கூடாது, நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, கணக்கு டெல்லியில் ஒரே ஸ்டேட் வங்கிக் கிளையில் இருக்க வேண்டும். பாம்பனில் இயங்கும் சின்னத் தொண்டு நிறுவனம் வெளிநாட்டிலிருந்து ஒரு லட்சம் வாங்க டெல்லியில் கணக்குத் தொடங்க வேண்டும். இதே சட்டத்தைக் கட்சிகள் மீறிவிட்டன என்று 2014-இல் டெல்லி உயர் நீதிமன்றம் காங்கிரசையும் பாரதிய ஜனதாவையும் சேர்த்தே குற்றம் கண்டது. அதற்குக் கிடைத்த பதில் 2016, 2018 நிதிச் சட்டங்கள். 1976 வரை பின்னோக்கிப் போய் விதியையே திருத்திக்கொண்டார்கள். ஆக, அரசு கேட்பது கணக்கு அல்ல, கைப்பிடி. பயன்பெறுபவர் முன் வாசிக்க வேண்டிய கணக்கை உள்துறை அமைச்சகத்தின் முன் வாசிக்கச் சொல்வது, சேதுபதியின் இடத்தில் செயலாளரை உட்கார வைப்பது போன்றது. கமுதிக்காரர் அப்போதும் வாசலில்தான் நிற்பார்.

சிறு கொடை பெரிய வேலைக்குப் போதாது என்ற மற்றோர் ஆட்சேபத்துக்கு அமெரிக்காவிலேயே விடை இருக்கிறது. ஜூலியஸ் ரோசன்வால்டு என்ற வணிகரின் நிதி, தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களுக்காக ஐயாயிரம் பள்ளிக் கட்டடங்கள் எழ உதவியது. தான் ஒரு பங்கு, அந்த ஊர்க் கறுப்பின மக்கள் ஒரு பங்கு, அரசு ஒரு பங்கு என்று விதி. பருத்திக் காட்டில் கூலி வேலை செய்தவர்கள் பணமாக இல்லாவிட்டால் மரமாக, உழைப்பாகக் கொடுத்தார்கள். பள்ளி அவர்களுடையதாயிற்று. தாம் இறந்து 25 ஆண்டுக்குள் முழுவதையும் செலவிட்டு நிதியை மூடிவிட வேண்டும் என்றும் அவர் கட்டளையிட்டார். 1932-இல் இறந்தார், 1948-இல் நிதி மூடப்பட்டது. சந்திரசூரியர் உள்ளவரை என்று எழுதும் நம் மரபுக்கு இது அதிர்ச்சி. ஆனால் கமுதி வழக்கை நினைத்துப் பார்த்தால், முடிவு தேதி உள்ள தருமத்தின் அருமை புரியும். இதற்கு மாறாகக் கேட்ஸ் அறக்கட்டளை பெரும் தொகை செலவிட்டுச் சிறு பள்ளிகள் திட்டத்தை நடத்தி, எதிர்பார்த்த பலன் வரவில்லை என்று 2009-இல் வெளிப்படையாகச் சொல்லி வேறு வேலைக்குப் போனது. ஒப்புக்கொண்டது பெருந்தன்மை. அந்தப் பள்ளிகளில் பெற்றோராக இருந்தவர்களுக்குத் திட்டம் தொடங்கும்போதும் வாக்கு இல்லை, முடியும்போதும் இல்லை.

தமிழ்நாடு அரசே 2022-இல் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற அறக்கட்டளையை அமைத்து நிறுவனங்களிடமும் முன்னாள் மாணவர்களிடமும் அரசுப் பள்ளிக்குப் பணம் பெறுகிறது. பள்ளிகளில் மேலாண்மைக் குழுக்கள் சட்டப்படி இருக்கின்றன. உறுப்பினரில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். வருகிற பணத்தின் கணக்கை அந்தக் குழுவில், மாலையில், மீன் விற்றுத் திரும்பிய பெண்கள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், தமிழில், உரக்க வாசிக்க வேண்டும் என்று ஒரு விதி போட எந்த நிதியும் தேவையில்லை. என்ன வேண்டும் என்று கேட்கும் வரிசையில் திறன்பலகைக்கு முன்னால் வேறு ஏதாவது வந்து நிற்கக்கூடும். வரட்டுமே.

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் பதில் சொல்லும் ஒரு விதியோடு வாழ்கிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்கா ஆனபின், தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த தீவுக் கரைகளில் இறங்கினால் அத்துமீறல் என்றானது. அவர்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, பவளத்தைச் சுரண்டும் இரும்புக் கருவி கூடாது. 2015-இல் அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்குக் கலிபோர்னியாவிலிருந்து இயங்கும் சீகாலஜி அமைப்பு பரிசு கொடுத்தது. நல்ல பரிசு, தகுந்தவருக்குப் போனது. பரிசு வருவதற்கு முன்பே விதி இருந்தது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கிழிந்த துணியை விரலில் சுற்றிக்கொண்டு, முகக் கண்ணாடியை இறுக்கிக்கொண்டு, சேர்ந்தே வல்லத்தில் ஏறுகிறார்கள். 13-ஆம் நாள் ஒருத்தி மட்டும் நனைந்த சேலையோடு கரையேறினால் அடுத்த வீட்டுக்காரி கேட்டுவிடுவாள். யாரும் பசுவைக் கொன்ற பாவத்தைச் சொல்லி மிரட்ட வேண்டியதில்லை.